மண்டபத்து ஆல்ட்டோ லிட்டருக்கு 12: என்ஜினை இறக்குமுன் உப்பை இறக்குங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். 2008 மாடல் ஆல்ட்டோ, பெட்ரோல் வண்டி, 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மண்டபம் ஊரிலிருந்து ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு 72 கிலோமீட்டர். வாங்கிய புதிதில் லிட்டருக்கு 17 கொடுத்தது, இரண்டு வருடத்தில் 12-க்கு இறங்கிவிட்டது. ஒருவர் என்ஜினை இறக்கி பிஸ்டன் ரிங் மாற்று, முப்பதாயிரம் ஆகும் என்கிறார். இன்னொருவர் பெட்ரோல் பைப்பில் காந்தம் மாட்டு என்கிறார். உங்கள் கையில் இருப்பது 5,000 ரூபாய்.

அந்த ஐயாயிரம் போதும். இரண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

நான் ராமநாதபுரத்தில் 26 வருடம் கார்ப் பட்டறை நடத்தியவன். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, பாம்பன் என்று கடலோரத்து வண்டிகள்தான் என்னிடம் அதிகம் வந்தன. மதுரைப் பக்கத்து வண்டி மைலேஜ் குறைந்து வந்தால் முதலில் பானெட்டைத் திறப்பேன். நம்ம கடற்கரை வண்டி வந்தால் முதலில் ஜாக்கியை எடுப்பேன். ஏனென்றால் இங்கே என்ஜின் தேய்வதற்கு வெகுகாலம் முன்பே உப்புக்காற்று மற்ற இடங்களில் வேலையைக் காட்டிவிடும். ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும், பிரேக்கிலுள்ள ஊசி போன்ற பின்கள் துருப்பிடித்து இறுகும், ரிம் ஓரத்தில் செதில் எழும்பிக் காற்று கசியும், சைலன்சர் மூட்டு அரித்துப்போகும். ஒவ்வொன்றும் லிட்டருக்கு அரையோ ஒன்றோ தின்னும். நான்கும் சேர்ந்தால் உங்கள் கணக்கு வந்துவிடும். அப்படி வந்த வண்டிகளில் என்ஜினை இறக்க வேண்டியிருந்தவை மிகச் சில.

முதலில் 12 என்பது உண்மையா என்று பாருங்கள். பெட்ரோல் முள்ளை வைத்தோ, ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டு எவ்வளவு ஓடியது என்றோ கணக்குப் பார்க்க வேண்டாம். பங்கில் முதல் கட்-ஆஃப் விழும்வரை, அதாவது குழாய் தானாக முதல் தடவை நிற்கும்வரை, டேங்கை நிரப்புங்கள், அதற்குமேல் கழுத்துவரை ஊற்றச் சொல்லாதீர்கள். மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு நாள், 280 கிலோமீட்டர் போல ஓட்டுங்கள். மறுபடி அதே பங்க், முடிந்தால் அதே குழாய், முதல் கட்-ஆஃப் வரை. ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். இதை இரண்டு தடவை செய்து சராசரி எடுங்கள். டயர் அளவு மாற்றியிருந்தால் மீட்டரே பொய் சொல்லும். நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களை வைத்துப் பத்துக் கிலோமீட்டருக்கு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் நம்ம ஊருக்கே உரிய விஷயம் காற்று. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது நீங்கள் காலையில் மேற்கே ராமநாதபுரம் போவது எதிர்க்காற்றில், மாலையில் திரும்புவது காற்றோடு. ஐப்பசி, கார்த்திகை வாடையில் இது தலைகீழ். நீங்கள் 70-ல் போகிறீர்கள், எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்றால், காரின் முகத்துக்கு அது 100-ல் போவது மாதிரி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 70-ஐ விட 100-ல் அது இரண்டு மடங்கு. அதனால் ஒரு வழியை மட்டும் அளந்து பார்க்கக் கூடாது, பங்குனியில் எடுத்த மைலேஜை ஆடியில் எடுத்ததோடு வைத்தும் பார்க்கக் கூடாது. எதிர்க்காற்று நாளில் ஐம்பதுக்கு இறங்கி ஓட்டுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் காற்றைப் பார்த்துத்தான் வலையை ஏற்றுகிறார்கள், வண்டி ஓட்டுகிறவரும் பார்க்கலாம்.

இப்போது பானெட்டுக்குள் வருவோம். உங்கள் வண்டி எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கிற வகை. எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்பதை இசிஎம் என்கிற கம்ப்யூட்டர் பெட்டி தீர்மானிக்கிறது. அதற்குக் கண்ணும் மூக்கும் சென்சார்கள்தான். அவற்றில் மைலேஜுக்கு முக்கியமானது கூலன்ட் வெப்பநிலை சென்சார். விலை குறைவு, ஆனால் ஆட்டிப்படைக்கும். என்ஜின் குளிர்ந்திருந்தால் அது எரிய அதிகப் பெட்ரோல் வேண்டும், சூடானதும் குறைக்க வேண்டும். சூடாகிவிட்டதா என்று இசிஎம்முக்குச் சொல்வது இந்தச் சென்சார். அதற்குள் இருப்பது, சூடு ஏற ஏற மின்தடை குறைகிற ஒரு சின்னப் பொருள். அறை வெப்பத்தில் இரண்டாயிரம் ஓமுக்கு மேல் காட்டும். 80 டிகிரியில் முந்நூறு ஓம் அளவுக்கு இறங்கிவிடும்.

அந்தச் சென்சாரின் கனெக்டருக்குள் உப்பு ஈரம் புகுந்து பச்சை பூத்துவிட்டது என்று வையுங்கள். அந்தக் களிம்பே இன்னொரு முந்நூறு ஓம் தடையாகும். இசிஎம்முக்குப் போய்ச் சேருவது அறுநூறு. அது என்ன நினைக்கும்? என்ஜின் இன்னும் 60 டிகிரியில்தான் இருக்கிறது, சூடாகவில்லை என்று நினைத்து, வழி நெடுகக் கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோல் ஊற்றிக்கொண்டு வரும். ஒயர் அறுந்தால்தான் எச்சரிக்கை விளக்கு எரியும். இது அறுந்ததல்ல, பொய் சொல்வது. விளக்கு எரியாது, வண்டி இழுக்கும், ஸ்டார்ட் ஆகும், பெட்ரோல் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கூலன்ட் சென்சார், ஆக்சிஜன் சென்சார், இன்டேக் பக்கத்துச் சென்சார்கள், இசிஎம் எர்த் ஒயர் இவற்றின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்தபின் ஓரத்து ரப்பரில் துளி சிலிக்கான் கிரீஸ் வைத்து மாட்டுங்கள். உப்புத்தாள் போட்டுச் சுரண்டாதீர்கள், முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்குள் மறுபடி பூக்கும். பாடியில் எர்த் உட்காரும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். பேட்டரி முனை பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி வாசலின் தடவுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை, சில நூறு ரூபாய்ச் செலவு. நீங்கள் செய்வதில் அதிகப் பலன் தரப்போவது இதுதான் என்று நினைக்கிறேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினபின் முதல் ஒன்றிரண்டு நாள் ஐடிலிங் சற்று ஏறி இறங்கும், தானாகச் சரியாகிவிடும்.

இதன் கூடப்பிறந்தது தெர்மோஸ்டாட் வால்வு, என்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டர் தண்ணீரைத் தடுத்து வைப்பது. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குண்ணே, கழட்டி எறிஞ்சிருங்க" என்று எத்தனை பேர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்! நிறையப் பட்டறைகளில் கழற்றியும் விடுகிறார்கள். வெயில் 38 டிகிரியாக இருக்கலாம், என்ஜினுக்கு வேண்டியது 80-க்கு மேல். வால்வு இல்லாத என்ஜினுக்குள் ரேடியேட்டர் தண்ணீர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். கடல்காற்று முகத்தில் அடிக்க அறுபதில் போகும்போது அது சூடேறவே ஏறாது. மறுபடி அதே கதைதான்: இசிஎம் குளிர்ந்த என்ஜினுக்குக் கொடுக்கிற மாதிரி பெட்ரோல் கொடுக்கும், ஆயிலும் தடித்தே கிடக்கும், ரிங்கும் சீக்கிரம் தேயும். கீழக்கரையிலிருந்து ஓர் ஆம்னி வந்தது. கார்புரேட்டரை மூன்று இடத்தில் பிரித்துப் பார்த்திருந்தார்கள், மைலேஜ் பத்தைத் தாண்டவில்லை. வால்வு வீட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. வால்வைப் போட்டு, கூலன்ட் ஊற்றி அனுப்பினேன். அடுத்த மாதம் அந்த அண்ணன் பதிமூன்று வருகிறது என்று சொல்ல நேரிலேயே வந்துவிட்டார்.

உங்கள் வண்டியில் வால்வு இருக்கிறதா என்று பார்க்கக் காசு வேண்டாம். காலையில் ஆறின என்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ஃபேன் பக்கம் கை போகாமல் கவனம். நல்ல வால்வு என்றால் பல நிமிடம் ஹோஸ் வெதுவெதுப்பாகக்கூட இருக்காது, பிறகு திடீரென்று சுடும். ஸ்டார்ட் செய்ததிலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கிக்கொண்டது. ஓட்டத்தில் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வெகு கீழேயே படுத்திருந்தாலும் அதே அர்த்தம்தான். புது வால்வு சில நூறு ரூபாய்.

ஆனால் வால்வு போடுமுன் ரேடியேட்டரில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். நம்ம போர்த் தண்ணீர் சோறு வடிக்கவே ஆகாது, அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு கட்டிக்கொள்ளும். காவிரித் தண்ணீர் போரைவிடத் தேவலாம். சரியானது கூலன்டோடு பேட்டரித் தண்ணீர்தான், அதாவது டிஸ்டில்டு வாட்டர், ஆசிட் அல்ல. வால்வைக் கழற்றச் சொல்லும் பழக்கமே, உப்புத் தண்ணீர் ஊற்றி ரேடியேட்டர் அடைத்து, என்ஜின் கொதித்ததால் வந்தது என்பது என் எண்ணம். அடைத்த ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாமல் வால்வை மட்டும் போட்டால் மறுபடி கொதிக்கும். அதனால் முதலில் ரேடியேட்டர், பிறகு வால்வு.

அடுத்தது சக்கரம். பிரேக் முழுசாக விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது கடற்கரை வண்டிகளுக்குப் பொது நோய். முன்பக்க டிஸ்க்கில், பிரேக் பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பர் நழுவுகிற பின்கள் இரண்டு இருக்கும். ரப்பர் கிழிந்து உப்பு உள்ளே போனால் பின் இறுகி, காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். பின்பக்கத்தில் ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து நிற்கும். நீங்கள் லீவரை இறக்கிவிட்டீர்கள், கேபிள் இறங்கவில்லை. காலைக் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரிதான்.

கண்டுபிடிக்க வழி: பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, ஓரமாக நிறுத்தி, நான்கு ரிம்களின் நடுப்பக்கம் கையைக் கொண்டுபோங்கள். உடனே தொட்டுவிடாதீர்கள், சூடு பிடித்திருந்தால் சுட்டுவிடும், பக்கத்தில் போகும்போதே தெரியும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அதுதான் ஆள். வீட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றியும் பார்க்கலாம். பின்சக்கரம் தள்ளிவிட்டால் சில சுற்றாவது தானாகச் சுற்ற வேண்டும். முன்சக்கரம் கியர்பாக்ஸோடு இருப்பதால் அவ்வளவு சுற்றாது, ஆனால் சர் சர்ரென்று உரசல் தொடர்ந்து கேட்கக் கூடாது. பின்னைக் கழற்றித் துரு எடுத்து, பிரேக்குக்கென்றே விற்கிற சிலிக்கான் கிரீஸ் போட வேண்டும். சாதாரண மஞ்சள் கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். பிரேக் என்பதால் இதை மட்டும் பழக்கமில்லாமல் நீங்களே செய்ய வேண்டாம், கூடநின்று செய்ய வையுங்கள். பலன் தெரிய வேண்டுமா? ஆளில்லாத சமதளக் கிளைச்சாலையில் நாற்பதில் போய் நியூட்ரலில் விட்டு எவ்வளவு தூரம் உருண்டு நிற்கிறது என்று, பிரேக் வேலைக்கு முன்னும் பின்னும், இரண்டு திசையிலும் பாருங்கள். நம்ம மாவட்டத்துத் தரை தாம்பாளம் போலக் கிடப்பது இதற்கு ரொம்ப வசதி.

வீட்டில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடி நாள்கணக்கில் விடாதீர்கள். சமதரையில் முதல் கியரும் சக்கரத்துக்கு ஒரு கல்லும் போதும்.

டயருக்கு வருகிறேன். காற்று அளவை ஓட்டுநர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ பாருங்கள், அதை ஆறின டயரில் வையுங்கள். நான்கு டயரிலும் ஒவ்வொரு பவுண்டு (பிஎஸ்ஐ) குறைவுக்கும் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஐந்து பவுண்டு குறைந்தால் ஒரு சதவீதம்தான். சிலர் சொல்வதுபோல் காற்று வைத்ததும் லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் ஏறிவிடாது. ஆனாலும் இலவசம், டயரும் நீடிக்கும், பிரேக்கும் நேராகப் பிடிக்கும். நம்ம சிக்கல், வைத்த காற்று நிற்பதில்லை. ஒன்று கருவ முள். ஒடிந்து உள்ளேயே தங்கி, பஞ்சர் ஆகாமல், தினம் ஒரு பவுண்டாக விடும். இன்னொன்று, ட்யூப்லெஸ் டயரில் ரிம் ஓரம் துருப்பிடித்து, டயர் உட்காரும் இடத்தில் செதில் செதிலாக எழும்பிக் கசிவது. சோப்புத் தண்ணீர் அடித்தால் இரண்டும் குமிழில் தெரிந்துவிடும். பஞ்சர் கடையில் டயரைக் கழற்றி, ரிம் ஓரத்தை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்துப் பெயின்ட் அடித்து உட்கார வைக்கச் சொல்லுங்கள். டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மெண்டும் பார்த்துவிடுங்கள்.

சைலன்சர் பற்றி யாரும் யோசிப்பதில்லை. என்ஜினிலிருந்து புகை வெளிவரும் இடத்துக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கும் நடுவே மூட்டில் ஓட்டை விழுந்தால், புகை வெளியே போவது மட்டுமல்ல, வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். சென்சார் அந்தக் காற்றை முகர்ந்து, பெட்ரோல் போதவில்லை என்று இசிஎம்மிடம் சொல்லும். அது இன்னும் ஊற்றும். ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்தில் டிக் டிக் என்ற சத்தமோ, மூட்டில் கரிப்படிவோ இருந்தால் கேஸ்கெட் மாற்றுங்கள். ஆக்சிஜன் சென்சாரே கெட்டிருந்தால் அது உங்கள் பட்ஜெட்டில் பாதியைத் தின்றுவிடும், அதனால் இதையெல்லாம் முடித்து, ஸ்கேனர் வைத்துப் பார்த்து உறுதியானால் மட்டும் வாங்குங்கள். சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்யுமுன், என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். பழைய வண்டி விற்கிறவர்கள் பல்பையே பிடுங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பிளக் மூன்றையும் கழற்றி வரிசையாக வையுங்கள். நுனி வெளிறிய காப்பிப் பொடி நிறமாக இருந்தால் எரிதல் சரி. உலர்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, மேலே சொன்னவற்றில் ஒன்று இன்னும் பாக்கி. ஆயிலில் நனைந்திருந்தால்தான் ரிங்கோ என்ஜின் வால்வு சீலோ என்று யோசிக்க வேண்டும். மூன்றும் பழசென்றால் மாற்றிவிடுங்கள், ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும். ஏர் ஃபில்டரை அழுக்காக இருந்தால் மாற்றுங்கள், ஆனால் உங்கள் மாதிரி எம்பிஎஃப்ஐ வண்டியில் அதனால் மைலேஜ் ஏறாது, பிக்கப்தான் ஏறும். கார்புரேட்டர் போட்ட பழைய 800, ஆம்னிக்கு மைலேஜும் ஏறும். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் மட்டும் ஃபில்டரில் மணல் சேர்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆயில், கையேட்டில் சொன்ன தடிமனே போதும். பழைய வண்டி என்று தடித்த 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றினால் ஒன்று, இரண்டு சதவீதம் அங்கேயே போய்விடும். நீலப்புகை விடுகிற வண்டிக்கு வேறு வழியில்லை, அது தனிக்கதை.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். 17 உங்களுக்கு முழுசாகத் திரும்பாது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்களில் இதனால் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டிருக்கிறது. 17-ல் அது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அந்த ஒன்றை உங்களாலும் என்னாலும் மீட்க முடியாது, அதனால் 16-ஐக் குறிவைப்போம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் பதம் பார்க்கும். 2008 வண்டியின் பெட்ரோல் ஹோஸ்கள் விறைத்தோ வெடித்தோ இருந்தால் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள், இது மைலேஜைவிட உயிர் சம்பந்தப்பட்டது. டேங்க் நிரப்பிய அன்று மட்டும் பெட்ரோல் வாடை வந்தால் கழுத்துக் குழாய் துருப்பிடித்துக் கசிகிறது என்று அர்த்தம்.

ஓட்டுவதில், நீங்கள் பாம்பன் பாலத்தில் செய்வதாக எழுதியிருந்தது என்னைப் பயமுறுத்தியது. உச்சியிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் போட்டுச் சாவியையும் அணைத்துவிடுவதாகச் சொல்கிறீர்கள். தயவுசெய்து இனிச் செய்யாதீர்கள். என்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு வேக்யூம் நின்றுவிடும், இரண்டு மிதிக்குப் பின் பிரேக் கல்லாகிவிடும். சாவி கூடுதலாகத் திரும்பினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். காற்று பக்கவாட்டில் தள்ளுகிற, வேடிக்கை பார்க்க ஆட்கள் ஓரத்தில் நிற்கிற பாலம் அது. லாபமும் இல்லை. எம்பிஎஃப்ஐ வண்டியில் கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோலை முழுசாக நிறுத்திவிடும், சக்கரமே என்ஜினைச் சுற்றிக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் நிற்காமலிருக்க அது பெட்ரோல் ஊற்ற வேண்டியிருக்கிறது. நம் அப்பாக்கள் காலத்து கார்புரேட்டர் பழக்கம் இந்த வண்டிக்கு ஒத்துவராது.

மற்றபடி உங்கள் சாலை நல்ல சாலை. 45-லிருந்து 55 வேகத்தில், டாப் கியரில், ஒரே சீராகப் போங்கள். 80-ல் போவதைவிட இந்த வேகத்தில் 40 சதவீதம்வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கலாம் என்று மத்திய அரசின் எரிபொருள் சேமிப்பு அமைப்பான பிசிஆர்ஏ வெகுகாலமாகச் சொல்லி வருகிறது. 36 கிலோமீட்டருக்கு 75-ல் போனால் 29 நிமிடம், 55-ல் 39 நிமிடம். பத்து நிமிடம் முன்னால் கிளம்பினால் முடிந்தது. உச்சிப்புளியில் ஆடு குறுக்கே வருவது தூரத்திலேயே தெரிகிறதல்லவா, அங்கேயே காலை எடுத்துவிட்டால் பிரேக்குக்கு வேலையே இல்லை. பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் கொடுத்த பெட்ரோல் சூடாகி வீணாகிறது. ரயில்வே கேட் மூடியிருந்தால் என்ஜினை அணைத்துவிடுங்கள்.

ஏசி இந்தச் சின்ன என்ஜினுக்குப் பெரிய பாரம். ஐம்பதில் போகும்போது காலையிலும் மாலையிலும் கண்ணாடியை இறக்கிக் கடல்காற்றையே வாங்கலாம். மதிய வெயிலில் போட்டுக்கொள்ளுங்கள், உடம்பு முக்கியம். போடும்போது முதல் இரண்டு நிமிடம் கண்ணாடியைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டுப் போடுங்கள். பகலில் பூவரசு, வேம்பு நிழல் தேடி நிறுத்துங்கள். டிக்கியில் மீன் கொண்டுபோகிற ஐஸ் பெட்டி எப்போதும் கிடப்பதாக எழுதியிருந்தீர்கள். எடை ஒருபக்கம், அதிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர்தான் எனக்குக் கவலை. தரை விரிப்புக்கடியில் தேங்கித் தகட்டையும் பின்பக்க ஒயரையும் தின்னும். தேவைப்படும் நாளில் மட்டும், அடியில் ட்ரே வைத்து ஏற்றுங்கள். மேலே கேரியர் இருந்தால் கழற்றிவிடுங்கள், வெறும் கேரியரும் காற்றைப் பிடிக்கும்.

காந்தம், பெட்ரோலில் ஊற்றுகிற மருந்து, செருகினால் மைலேஜ் ஏறும் என்கிற டப்பா எதற்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு இப்படிப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளைச் சோதித்தோ ஆராய்ந்தோ பார்த்தும் மைலேஜைக் குறிப்பிடும்படி உயர்த்திய ஒன்றைக் காணவில்லை. விலை கூடின 95 ஆக்டேன் பெட்ரோலும் உங்கள் என்ஜினுக்கு வேண்டாம். விடியற்காலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதும் சும்மா, பங்க் டேங்க் மண்ணுக்கடியில் இருக்கிறது.

செய்த வேலை நிலைக்க, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடிப்பக்கத்தையும் சக்கரங்களையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தனுஷ்கோடி போய்வந்தால் அன்றே. போர்த் தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிற கதை. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் உத்தமம், இல்லையென்றால் இரண்டு குடம் காவிரித் தண்ணீரைத் துணியில் நனைத்துத் துடைத்தாலும் போதும். குடிக்கிற தண்ணீரை ஹோஸ் பிடித்து ஊற்றச் சொல்ல எனக்கு மனசு வராது.

கணக்கைப் பாருங்கள். மாதம் 25 நாள், 1,800 கிலோமீட்டர். 12 என்றால் 150 லிட்டர். 16 வந்தால் 112 லிட்டர் சொச்சம். 37 லிட்டர் மிச்சம், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே மாதம் 3,700. கனெக்டர் சுத்தம், வால்வு, கூலன்ட், காலிப்பர் பின், ரிம் வேலை, பிளக் எல்லாம் ஐயாயிரத்துக்குள் அடங்கும். இரண்டு மாதத்துக்குள் கைக்காசு திரும்பிவிடும்.

எல்லாம் செய்தும் 13-ஐத் தாண்டவில்லை என்றால் அப்போது கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். பிளக் கழற்றிய துளையில் மீட்டர் வைத்து மூன்று சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது. அரைமணி வேலை. மூன்றும் கையேட்டு அளவோடு ஒத்திருந்து, ஆயிலும் குறையவில்லை என்றால் ரிங் நன்றாக இருக்கிறது, முப்பதாயிரம் பேச்சை விட்டுவிடலாம். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் என்ஜின் வால்வு (தெர்மோஸ்டாட் அல்ல). க்ளட்ச் நழுவுகிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம். நாற்பதில் டாப் கியரில் முழுசாக மிதித்தால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமலிருக்கும்.

நாளைக் காலை ஸ்டார்ட் செய்ததும் அந்த மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். அது எப்படிச் சூடேறுகிறது, மூன்று பிளக்கும் என்ன நிறம் என்ற இரண்டையும் சொன்னால் மீதி ரூபாயை எதில் போடுவது என்று சரியாகச் சொல்லிவிடுவேன்.